அட்டையில் இல்லாத முட்டை

அம்மாவுக்கும் வீட்டில் எல்லாருக்கும்,

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று அக்கா மூன்று முறை கேட்டுவிட்டாள். நீங்கள் எல்லாரும் டிவிக்கு முன்னால் பாயில் நெருக்கி உட்கார்ந்துகொண்டு, "எல்லாரும் இருக்கோம், பாத்துக்க" என்று கையாட்டினீர்கள். பார்த்தேன். பார்த்த பிறகும் அம்மா, சத்யபிரியா அக்கா, கலையரசன், இளவழகன், மாரி சித்தப்பா என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஒவ்வொருவரும் "ம்" சொல்கிறவரை நான் விடவில்லை. "வேலைக்குப் போன எடத்துல டீச்சர் ஆயிட்டியா? அட்டெண்டன்ஸ் எடுக்குற" என்று இளவழகன் சிரித்தான். நான் உடனே போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று பிறகு மெசேஜ் போட்டது பொய்.

காரணத்தை இப்போது சொல்கிறேன். டைப் செய்ய ஆரம்பித்தால் முடியாது, அதனால் போனிடம் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. நம் பேச்சு அதற்குப் பாதி புரிவதில்லை. பரீட்சையில் எழுதுகிற மாதிரி சொன்னால்தான் ஒழுங்காக வருகிறது. மற்றவர்கள் பேசியதை மட்டும் அவர்கள் பேசினபடியே சொல்லித் திருத்தியிருக்கிறேன். கலையரசன் படித்துக் காட்டட்டும். நடுவில் யாரும் எனக்குப் போன் போட வேண்டாம்.

அப்பா தவறிய பிறகு நான் தம்மம்பட்டியிலிருந்து கிளம்பி இங்கே பரமத்தி வேலூருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கோழிப்பண்ணையில் வேலை என்று மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். என் வேலை முட்டை அறையில். நான்கு ஷெட்டில் நாற்பதாயிரம் கோழி. காலையில் சேர்ந்து வருகிற முட்டையை முப்பது முப்பதாக அட்டையில் அடுக்கி, பெரிசு, நடுத்தரம், சிறுசு என்று பிரித்து லாரிக்கு அனுப்புவோம். தராசு இருக்கிறது. ஆனால் லாரி நிற்கும்போது ஒவ்வோர் அட்டையையும் தராசில் வைக்க யாருக்குப் பொழுது இருக்கிறது? கண்தான் தராசு.

என் கண் நல்ல தராசு என்று வந்த ஆறாவது மாதமே பேர் வாங்கிவிட்டேன். அட்டையை ஒரு தரம் பார்ப்பேன். ஐம்பத்தைந்து கிராம் சரக்கு, ஐம்பது கிராம் சரக்கு என்று சொல்லிவிடுவேன். தராசில் வைத்து முப்பதால் வகுத்தால் அதுதான் வரும். அதிசயம் என்னவென்றால், அந்த அட்டையில் ஒரு முட்டையைக் காட்டி இது எத்தனை கிராம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முப்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

பண்ணையின் மேற்பார்வை நாச்சிமுத்து அண்ணன். ஐம்பது வயது, வெள்ளை வேட்டி, எப்போதும் காதில் ஒரு பேனா. அவருக்கு இது பொறுக்கவில்லை. ஒரு நாள் மதியம் இரண்டு அட்டையை மேசைக்குக் கொண்டுவந்தார். மேலே இருந்ததைச் சட்டென்று தூக்கி, கீழே இருந்ததைக் காட்டி, உடனே மூடினார்.

"பாத்தயா அம்மணி? சொல்லு, என்ன ரகம்?"

"நடுத்தரம்ணா. அம்பது இருக்கும்."

பையிலிருந்து ஒரு நடுத்தர முட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இந்தளவு முட்டை ஒண்ணு இதுல இருந்துச்சா?"

"இருந்துச்சே."

"எங்க?"

"மூணாவது வரிசைல, நடுவுல. மேல ஒரு அழுக்குப் பொட்டு கூட இருந்துச்சு."

அவர் மேலட்டையை எடுத்தார். கீழே ஒரு பெரிய முட்டை, ஒரு சின்ன முட்டை, ஒரு பெரிய முட்டை, ஒரு சின்ன முட்டை என்று முப்பதும் மாற்றி மாற்றி வைத்திருந்தது. நடுத்தரமாக ஒன்றுகூட இல்லை. அழுக்குப் பொட்டும் இல்லை.

"நீ பாத்த முட்டை அட்டையிலயே இல்லியே சாமி!" என்று அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

பக்கத்தில் முட்டை துடைத்துக்கொண்டிருந்த சின்னாயி அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏனுங்க, இனி நமக்குக் கோழியே வேண்டாமுங்க. இந்தப் புள்ள கண்ணுலயே முட்டை போட்டுப்போடுது" என்றாள். முட்டை அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் ராத்திரி படுத்தபோது அந்த முட்டை வந்தது. மூன்றாவது வரிசை, நடுவில், அழுக்குப் பொட்டோடு. அட்டையில் உண்மையாக இருந்த முப்பதில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. இல்லாதது மட்டும் தெளிவாக இருந்தது.

சின்னாயி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களில் மூத்தவள், ஐம்பத்தைந்து வயது இருக்கும். பரமத்தி வேலூருக்கு முன்னால் வாய்க்கால் பாலம் என்று ஒரு நிறுத்தம், அங்கேதான் வீடு. மகன் தமிழரசு லாரி டிரைவர். அவன் வண்டியோடு போய்விட்டால் அவள் வீட்டில் தனிதான். நான் வந்த புதிதில் சாப்பாட்டு நேரத்தில் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். அவள்தான், "ஏன் கண்ணு, கோழி மாதிரி தனிக் கூண்டுல உக்காந்துட்ட, இங்க வா" என்று கூப்பிட்டாள்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. சாயங்காலம் ஐந்தரைக்கு வேலை முடிந்து வேன் கிளம்பும். நாங்கள் பத்தொன்பது பேர். எல்லாருக்கும் ஒரே பச்சைக் கோட்டு, ஒரே வலைத் தொப்பி. மேலெல்லாம் தீவனத் தூசி. டிரைவர் சந்திரசேகர் அண்ணன் முதலில் ஒரு ஹாரன் அடிப்பார், கிளம்பப் போகிறேன், வாருங்கள் என்று அர்த்தம். நான் சின்னவள் என்பதால் கடைசியாகக் கதவருகில் நின்று உள்ளே பார்த்து எல்லாரும் வந்தாச்சு என்று சொல்வேன். அவர் இரண்டு ஹாரன் அடிப்பார். இரண்டு ஹாரன் அடித்தால் பண்ணையில் யாரும் மிச்சம் இல்லை என்று அர்த்தம். வாட்ச்மேன் உடனே கேட்டைத் திறப்பார். பேர் சொல்லி யாரும் எண்ணுவதில்லை. அட்டையை எண்ணுகிறோமா என்ன? நிறைந்திருந்தால் நிறைந்திருக்கிறது.

அன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது.

"ஏனுங்கம்மணி, எல்லாரும் வந்தாச்சுங்களா?" என்றார் சந்திரசேகர் அண்ணன்.

நான் உள்ளே பார்த்தேன். ஒரே ஒரு பார்வை. பச்சை, தொப்பி, களைத்த முகங்கள்.

"வந்தாச்சுண்ணா, எடுங்க."

இரண்டு ஹாரன் அடித்தார்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு வேன் வாய்க்கால் பாலத்துக்கு வந்தபோது அங்கே கூட்டம். விடியற்காலையில் லோடு இறக்கிவிட்டு வந்த தமிழரசு, வீடு பூட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறான். உள்ளே அம்மாவின் போன் தலையணைக்கு அடியில் கிடந்தது, அவள் அதை வேலைக்கு எடுத்து வருவதே இல்லை. பாத்திரமெல்லாம் முந்தின நாள் காலையில் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. ராத்திரி அவள் வீட்டுக்கே வரவில்லை.

பாலத்தில் தினமும் ஐந்து பேர் இறங்குவார்கள். மற்ற நான்கு பேரிடமும் கேட்டார்கள். "எறங்குச்சே, எங்க கூடத்தானே எறங்குச்சு" என்றார்கள் நான்கு பேரும். மழைத் தூறலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடியிருக்கிறார்கள். இறங்கியவள் வீட்டுக்கு வரவில்லை என்றால் நடுவில் இருப்பது வாய்க்கால்தான். தண்ணீர் கரை தொட்டு ஓடியது. தீயணைப்பு வண்டி வந்து நின்றிருந்தது. இரண்டு பேர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கியிருந்தார்கள். கரையில் நின்றவர்கள் நீளமான மூங்கிலால் ஆகாயத்தாமரையைக் குத்திக் குத்தித் தள்ளினார்கள். ஒவ்வொரு முறை மூங்கில் எதிலாவது தட்டும்போதும் தமிழரசு கரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஒரு போலீஸ்காரர் என்னிடம் வந்தார். "நீதானேம்மா எல்லாரையும் பார்த்து ஏத்துனது? அந்தம்மா வண்டியில இருந்துதா?"

"இருந்துச்சுங்க சார்."

"நிச்சயமா?"

"ரெண்டாவது சீட்டு, ஜன்னலோரம். நான் பார்த்தேன்."

அது பொய் இல்லை அம்மா. கண்ணை மூடினால் அவள் முகம் அங்கே இருந்தது.

தமிழரசு எழுந்து என் பக்கத்தில் வந்தான். என்னைவிடப் பத்து வயது பெரியவன், ஆனால் குரல் சின்னப் பையன் போல ஆகியிருந்தது. "கடைசியா என்ற அம்மாளப் பாத்தது நீதான் அம்மணி. மொகம் எப்படி இருந்துச்சு? ஏதாவது வருத்தமா இருந்தாங்களா?"

"களைப்பா இருந்துச்சுண்ணா. ஆனா நல்லாத்தான் இருந்துச்சு. திரும்பிப் பாத்தாங்க, மூக்குத்திகூட மின்னுச்சு."

அவன் என்னையே பார்த்தான்.

"மூக்குத்தியா? என்ற அம்மா மூக்கே குத்துனதில்லியே."

"உடு தம்பி, புள்ள பயந்து கெடக்குது, என்னமோ சொல்லுது" என்று யாரோ அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். போலீஸ்காரர் நோட்டில் அதை எழுதவில்லை. ரெண்டாவது சீட்டு, ஜன்னலோரம் என்பதை மட்டும் எழுதினார்.

நாச்சிமுத்து அண்ணன் பைக்கில் வந்து, முட்டை கிடக்கிறது, கோழி கேட்காது, இங்கே நின்று ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எங்களை வேனில் ஏற்றி அனுப்பினார். இரண்டாவது சீட்டு ஜன்னலோரத்தில் யாரும் உட்காரவில்லை. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வந்தேன். பார்க்காமலே அவள் அங்கே இருந்தாள், மூக்குத்தியோடு.

முட்டை அறையில் முதல் அட்டை என் முன்னால் வந்தது. பார்த்தேன். "அம்பத்தஞ்சு" என்று வாய் தானாகச் சொன்னது. உடனே கையை அட்டையிலிருந்து எடுத்தேன். கண்ணை மூடினேன். கண்ணுக்குள் ஒரு முட்டை தெரிந்தது, ஐம்பத்தைந்து கிராம், அழகாக. கண்ணைத் திறந்து அதை அட்டையில் தேடினேன். ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து வைத்தேன். ஒன்று கூம்பாக, ஒன்று உருண்டையாக, ஒன்று கொஞ்சம் பெரிசாக, ஒன்று கொஞ்சம் சின்னதாக. நான் பார்த்த முட்டை அதில் இல்லை.

எங்கள் பத்தொன்பது பேரில் மூக்கு குத்தாதவர்கள் இரண்டு மூன்று பேர்தான்.

நான் எழுந்து சுவருக்குப் போனேன். அங்கே வரிசையாக ஆணி அடித்து எங்கள் சாப்பாட்டுக் கூடைகளை மாட்டியிருப்போம். எல்லாம் சந்தையில் ஒரே நாளில் வாங்கிய ஒயர் கூடைகள். வரிசை நிறைந்திருந்தது, தினமும் நிறைந்திருப்பது போலவே. காலையில் வந்து அங்கே கூடை மாட்டிய பதினெட்டுப் பேரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறோம். நான் ஒவ்வொரு கூடையாகத் தொட்டு, "இது யாருது?" என்று கேட்டேன். என்னுது, என்னுது என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். பதினொன்றாவது கூடைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அதற்குள் இருந்த தூக்குப்போசியைத் திறந்தேன். நேற்றைய மிச்சச் சோறு புளித்து நாறியது.

நாச்சிமுத்து அண்ணன் வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தார். கூடையோடு போய் நின்றேன்.

"அண்ணா, நான் பாக்கல."

"என்னத்தைப் பாக்கல?"

"சின்னாயி அக்காவ. வண்டில நான் பாக்கல."

அவர் போனைக் கீழே இறக்கினார். "ஏம்மணி, வெளையாடறயா? ஒரு மணி நேரத்துக்கு முன்னால போலீஸ்காரங்ககிட்டப் பாத்தேன்னு சொன்ன. சீட்டுக்கூடச் சொன்ன. அங்க ஊரே வாய்க்கால்ல எறங்கிக் கெடக்குது. இப்ப இல்லீங்கறயா?"

"பாத்தேண்ணா. ஆனா நான் பாத்தது அவங்க இல்ல." எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்கதானே அட்டை காட்டுனீங்க? நடுத்தர முட்டை இருந்துச்சுன்னு சொன்னேன்ல. அழுக்குப் பொட்டுகூடச் சொன்னேன்ல. அந்த மாதிரிண்ணா. எல்லாரையும் சேர்த்துப் பாத்தேன், ஒரு மொகம் தெரிஞ்சுது. அது யாரு மொகமும் இல்ல."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கூடையை வாங்கி, போசியை முகர்ந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "அப்படின்னா அந்தம்மா இங்கதான் கெடக்குதா" என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

எல்லாரும் ஓடினோம். தீவன அறை, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ், நான்கு ஷெட்டுக்கும் அடியில் எரு குவிந்து கிடக்கிற இருட்டு எல்லாவற்றிலும் தேடினோம். செத்த கோழியும் உடைந்த முட்டையும் போடுகிற குழியை எட்டிப் பார்த்தோம். எங்கேயும் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை போயிற்று. கூப்பிட்டால் மட்டும் என்ன? காலை நேரம், கோழிகள் முட்டை போட்டுவிட்டுக் கத்துகிற நேரம். நாற்பதாயிரம் கோழி கத்துவது ஒரே சத்தமாகத்தான் கேட்கும். பக்கத்தில் நிற்பவள் பேசுவதே அதில் கேட்காது. நாள் முழுக்க அதற்குள்ளேயே இருப்பதால் அதைச் சத்தம் என்றே நாங்கள் நினைப்பதில்லை. அதற்குள் ஒரு மனுஷி முனகினால் அதுவும் கோழிச் சத்தத்தில்தான் சேரும்.

இந்தச் சத்தம் எப்போது நிற்கும் என்று யோசித்தேன். தீவனம் போட்டால் நிற்கும்.

"அண்ணா, தீவனம் போடுங்க. நாலு ஷெட்டுக்கும் ஒண்ணா போடுங்க."

"நேரமாகலியே. இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்குது. நேரத்தை மாத்துனா நாளைக்கு முட்டை கொறையும், மொதலாளிக்கு நாந்தான் பதில் சொல்லோணும்."

கூடை இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அதைப் பார்த்தார்.

"தள்ளுவண்டியெல்லாம் எடுங்க!" என்று கத்தினார். "எல்லாரும் ஷெட்டுக்குப் போங்க. நான் விசில் அடிச்சதும் ஒரே நேரத்துல தள்ளோணும்."

தீவன வண்டியின் சக்கரச் சத்தம் கேட்டதும் கோழிகள் இன்னும் பலமாகக் கத்தும். காது கிழிகிற மாதிரி கத்தின. பிறகு முதல் ஷெட் அடங்கியது. இரண்டாவது, மூன்றாவது. ஒரு பெரிய போர்வையை யாரோ மெதுவாக இழுத்துப் போர்த்துகிற மாதிரி அமைதி வந்தது. தகரத்தில் சாரல் விழுவது போலக் கொத்துகிற சத்தம் மட்டும். இரண்டு வருஷத்தில் பகலில் அந்தப் பண்ணையில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் சாலையில் பஸ் போவது கேட்டது. தென்னை ஓலை உரசுவது கேட்டது.

நான் முட்டை அறைக்குப் பின்னால் நின்று, என்னால் முடிந்த மட்டும் கூப்பிட்டேன். "சின்னாயி அக்கா!"

ஒன்றும் இல்லை.

"சின்னாயி அக்கா!"

"ம்."

சீமைக் கருவேல முள்ளுக்குள்ளிருந்து வந்தது. எனக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கும் கேட்டது. அவள் என் தோளைப் பிடித்தாள்.

அங்கே ஒரு பழைய கிணறு. தண்ணீர் வற்றிப் பல வருஷம் ஆகிறது. உடைந்த முட்டையை முன்பெல்லாம் அதில்தான் கொட்டுவார்கள். கல் சரிகிறது, யாரும் போகக் கூடாது என்று நாச்சிமுத்து அண்ணன் வழியை மூடச் சொல்லி, தூரத்தில் புதுக் குழி வெட்டினார். ஆனால் சாயங்காலம் வேன் ஒரு ஹாரன் அடித்த பிறகு அத்தனை தூரம் வாளியைத் தூக்கிக்கொண்டு யார் போவார்கள்? முள்ளுக்குள் ஒரு ஒற்றையடித் தடம் எங்களுக்கெல்லாம் தெரியும். நாங்கள் எல்லாருமே அவருக்குத் தெரியாமல் அங்கே கொட்டியிருக்கிறோம். நான் கொட்டியிருக்கிறேன். அன்றைக்குச் சின்னாயி அக்காவும் அப்படித்தான் கொட்டப் போயிருக்கிறாள். அதனால்தான் தேடும்போது யாரும் அந்தக் கிணற்றைச் சொல்லவில்லை. சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்தா, நினைவுக்கே வரவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இருபத்தைந்து அடி. முட்டை ஓடும் குப்பையும் மெத்தை போலக் கிடந்ததால் உயிர் தப்பினாள். பச்சைக் கோட்டு, வலைத் தொப்பி. மேலிருந்து பார்த்தபோது ஓடுகளுக்கு நடுவில் அவள் முகம் மட்டும் வெள்ளையாக, தனியாகத் தெரிந்தது. நான் அவள் மூக்கைத்தான் பார்த்தேன். மூக்கில் ஒன்றும் இல்லை.

வாய்க்காலில் கயிறு கட்டி இறங்கியிருந்தவர்களே வந்து அவளைத் தூக்கினார்கள். தமிழரசு கிணற்று மேட்டில் நின்றுகொண்டு, "அம்மா, அம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான், வேறொரு வார்த்தையும் அவனுக்கு வரவில்லை. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னாராம். வாய்க்காலில் தேடிக்கொண்டே இருந்திருந்தால் அந்த இரண்டு மணி நேரம் போயிருக்கும். நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக.

பத்து நாள் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போக எனக்குத் தைரியம் வந்தது. ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். அவள் என்னைப் பார்த்ததும் சிரித்தாள், பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"நீ என்னைய வண்டியில பாத்தேன்னு சொன்னயாமா?"

நான் தலையைக் குனிந்தேன். "தப்புதான்கா."

"தப்பச் சொல்லல சாமி. கேக்கறேன். எங்க உக்காந்திருந்தேன்?"

"ரெண்டாவது சீட்டு. ஜன்னலோரம்."

அவள் ஃபேனைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"விழுந்ததும் கத்துனேன் கண்ணு. தொண்டை கிழியக் கத்துனேன். அப்ப ரெண்டு ஹாரன் கேட்டுச்சு. ரெண்டு ஹாரன் அடிச்சா எல்லாரும் ஏறியாச்சுன்னுதானே? அப்படின்னா நானும் ஏறிட்டேன். எட்டிப் பாத்து நீ சொல்லியிருக்கற. நான் ஏறி ஊட்டுக்குப் போயிட்டேன். அப்ப இங்க கெடக்கறது ஆரு? அதுதான் எனக்குப் புரியல. அதுக்கப்புறம் நான் கத்தவே இல்ல. ராத்திரி கோழியெல்லாம் அடங்கிக் கெடந்துச்சு, வாட்ச்மேன் இருமறதுகூடக் கேட்டுச்சு. கூப்புட்டிருந்தா வந்திருப்பான். கூப்புடோணும்னே தோணல. ஊட்டுக்குப் போனவ இங்க எதுக்குக் கத்தோணும்?"

நான் ஆரஞ்சுப் பையைக் கட்டிலில் வைத்தேன்.

"பொறவு நீ பேரச் சொல்லிக் கூப்புட்டயல்லோ, ரெண்டாந்தரம். அப்பத்தான் நான் இங்கதான் கெடக்கறேன்னு தெரிஞ்சுது." ஆரஞ்சை உரித்து ஒரு சுளையை என் கையில் வைத்தாள். "சாப்புடு. ஏன் இப்படி நடுங்கற? நான்தான் கெணத்துல விழுந்தேன், நீயில்ல."

இப்போது நான் வேன் கதவில் நின்று ஒவ்வொருவர் பேரையும் சொல்கிறேன். என்னை விட்டுப் பதினேழு பேர். ஒவ்வொருவரும் "ம்" சொன்ன பிறகுதான் சந்திரசேகர் அண்ணன் இரண்டு ஹாரன் அடிக்கிறார். முதலில் கேலி செய்தார்கள். ஒருத்தி கோழி மாதிரி கொக்கரித்துப் பதில் சொன்னாள். இப்போது யாரும் கேலி செய்வதில்லை. பேர் சொல்லக் கொஞ்சம் தாமதமானால், "என்னைய இன்னும் கூப்புடலியே" என்று அவர்களே பயந்து கேட்கிறார்கள்.

முட்டை அறையில் அட்டை பார்க்கிற வேலையை விட்டுவிட்டேன். இப்போது தராசில் நிற்கிறேன். நாச்சிமுத்து அண்ணன் ஏன் என்று கேட்கவில்லை.

ஆனால் ஒன்று மாறவில்லை. பேர் சொல்லி முடித்து வேனில் ஏறும்போது, கண் தானாக உள்ளே ஒரு முறை பார்த்துவிடுகிறது. பதினேழு "ம்" கேட்டிருக்கிறேன். சின்னாயி அக்கா தன் வீட்டுக் கட்டிலில் இருக்கிறாள் என்று தெரியும். இருந்தாலும் அந்தப் பார்வையில் ஒரு முகம் வருகிறது, களைப்பாக, ஆனால் நல்லபடியாக, மூக்குத்தி மின்ன. அது யார் என்று திரும்பிப் பார்த்தால் இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். அம்மா, இதைக் கலையரசன் படிக்கும்போது நீங்கள் அழக் கூடாது.

நீங்கள் எல்லாரும் பாயில் நெருக்கி உட்கார்ந்து கையாட்டினீர்கள். போனில் எல்லாரும் கட்டை விரல் அளவுதான் தெரிந்தீர்கள். நான் ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வையில் அப்பா இருந்தார். சித்தப்பாவுக்கு அப்பாவின் நெற்றி, கலையரசனுக்கு அந்த மூக்கு, அக்காவுக்கும் இளவழகனுக்கும் அவருடைய வாய், இதெல்லாம் எனக்குத் தெரியாதா? எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் என்ன முகம் வரும் என்று எனக்குத்தானே நன்றாகத் தெரியும்? தெரிந்தும் என்ன, அவர் இருந்தார். உங்களுக்கு நடுவில், அம்மாவுக்குப் பக்கத்தில், சட்டை போடாமல், தோளில் துண்டோடு. களைப்பாக இருந்தார். நல்லாத்தான் இருந்தார்.

அதனால்தான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். கூப்பிட்டவர்கள் எல்லாரும் "ம்" சொன்னீர்கள். ஐந்து பேர், ஐந்து "ம்". கணக்குச் சரியாக இருந்தது. அத்தோடு வைத்துவிட்டேன்.

அப்பா என்று மட்டும் நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டு யாரும் பதில் சொல்லாமல் இருந்திருந்தாலும் எனக்குத் தாங்காது. சொல்லியிருந்தாலும் தாங்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டாம். ஒவ்வொருவராக வாருங்கள்.

பிரபா